இஸ்டேட்டு: பால்மரக் காட்டிலிருந்து இறந்தவரின் சொத்து வரை

ரப்பர் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய ஒருவர் காலமாகிறார். சில மாதங்கள் கழித்து, வங்கியிலிருந்தோ வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்தோ அவருடைய பிள்ளைகளின் கைக்கு ஓர் ஆங்கிலக் கடிதம் வருகிறது. அப்பாவின் பெயருக்கு முன்னால் 'எஸ்டேட் ஆஃப்' என்று அச்சிட்டிருக்கிறது. அவர் வேலை செய்த தோட்டத்தைப் பற்றிய கடிதம் போலிருக்கிறது, கம்பெனிக்காரன் ஏதோ பாக்கி தரப்போகிறான் என்று நினைத்து, அதைத் தோட்ட ஆபீசுக்கு எடுத்துப் போனால் அங்கு யாருக்கும் ஒன்றும் தெரியாது. கடிதத்தில் உள்ள 'எஸ்டேட்' வேறு. அப்பா விட்டுச் சென்ற சேமிப்பு, தாமானில் வாங்கிய சின்ன வீடு, மோட்டார் சைக்கிள், காப்புறுதி, அடைக்காத கடன் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எஸ்டேட்.

மலேசியத் தமிழர்களின் வாயில் இந்த அளவுக்குப் புழங்கிய ஆங்கிலச் சொல் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் தோட்டம் என்பது அதன் பல பொருள்களில் ஒன்று மட்டுமே, அதுவும் மிகப் பிந்தி வந்தது.

முதலில் உச்சரிப்பு. தோட்டத்து மூத்தவர்கள் 'எஸ்டேட்' என்று சொன்னதில்லை. அவர்களுக்கு அது 'இஸ்டேட்டு'. ஸ்டோர் அவர்களுக்கு 'இஸ்டோரு', ஸ்கூல் 'இஸ்கூலு'. பட்டணத்துப் பள்ளியில் படித்த பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரித்ததுண்டு. சிரிப்பதற்கு முன் ஆங்கில அகராதியைப் புரட்டியிருக்கலாம். அந்தச் சொல்லின் முதல் ஒலி ஆங்கிலத்திலேயே இகரம்தான். தாத்தா சொன்ன 'இஸ்டேட்டு' பேரன் சொல்லும் 'எஸ்டேட்'டைவிட வெள்ளைக்காரத் துரையின் உச்சரிப்புக்கு நெருக்கமானது.

சொல் தொடக்கத்தில் தனி மெய்யெழுத்து வராது என்பது தொல்காப்பியம் சொல்லும் மொழிமரபு. அதனால்தான் ஸ்கூலுக்கும் ஸ்டோருக்கும் முன்னால் தமிழ் நாக்கு ஓர் இகரத்தைப் போட்டுக்கொள்கிறது. இதையே பழைய பிரெஞ்சுக்காரர்களும் செய்தார்கள். லத்தீனில் 'ஸ்டாட்டுஸ்' என்று இருந்த சொல்லை அவர்களால் அப்படியே சொல்ல முடியவில்லை. முன்னால் ஓர் எகரத்தைச் சேர்த்து 'எஸ்டாட்' ஆக்கினார்கள். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தன. அவற்றோடு வந்த 'எஸ்டாட்'தான் பின்னர் 'எஸ்டேட்' ஆயிற்று. அதே சொல் எகரம் இல்லாமல் 'ஸ்டேட்' என்றும் ஆங்கிலத்தில் நிலைத்தது. பிற்காலத்தில் லத்தீனிலிருந்து நேராக 'ஸ்டேட்டஸ்' என்றும் எடுத்துக்கொண்டார்கள். ஆக மாநிலத்தைக் குறிக்கும் ஸ்டேட், தகுதியைக் குறிக்கும் ஸ்டேட்டஸ், தோட்டத்தைக் குறிக்கும் எஸ்டேட் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

மூன்றுக்கும் அடியில் இருப்பது 'நில்' என்று பொருள்படும் லத்தீன் வினை. ஒருவர் எந்த இடத்தில், எந்தத் தகுதியில் நிற்கிறார் என்பதே 'ஸ்டாட்டுஸ்'. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய சங்கதியாக இருக்காது. 'நில்' என்பதிலிருந்து 'நிலை' வந்தது. 'நிலம்' என்ற சொல்லையும் அதே வேரோடு சேர்த்துக் காட்டும் ஆய்வாளர்கள் உண்டு. ஸ்டேட் என்பதை இன்று 'மாநிலம்' என்கிறோம், ஸ்டேட்டஸ் என்பதை 'நிலை' என்கிறோம். தொடர்பே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் நிற்பதையும் தகுதியையும் தரையையும் ஒரே கயிற்றில் கட்டிய விதம் வியப்பானது.

நிலைதான் முதலில்

எனவே ஆங்கிலத்தில் 'எஸ்டேட்' என்பதன் பழைய பொருள் நிலை. ஆளாகி நிற்கும் பருவத்தை ஆங்கிலத்தில் 'மனிதனின் எஸ்டேட்' என்பார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு நூல் திருமணத்தை ஒரு புனித எஸ்டேட் என்று குறிக்கிறது. இல்லற நிலை என்று தமிழில் சொல்வதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

சமுதாயத்தில் ஒரு கூட்டம் நிற்கும் நிலையும் எஸ்டேட் ஆயிற்று. பழைய பிரான்சில் மக்களை மூன்று எஸ்டேட்டுகளாகப் பிரித்திருந்தார்கள். குருமார்கள் முதலாவது, பிரபுக்கள் இரண்டாவது, மீதி எல்லாரும் மூன்றாவது. 1789 மே 5ஆம் தேதி வெர்சாய் நகரில் மூன்று தரப்பும் கூடின. எண்ணிக்கையில் பெரிய மூன்றாவது தரப்பு, ஜூன் 17ஆம் தேதி தன்னையே தேசிய மன்றமாக அறிவித்துக்கொண்டது. பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கம் அது. 'மூன்றாம் உலகம்' என்ற சொல்லாட்சியும் இதன் வாரிசு. 1952இல் அதை உருவாக்கிய பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரட் சோவி, மூன்றாவது எஸ்டேட்டை மனத்தில் வைத்தே அந்தப் பெயரைக் கொடுத்தார்.

நாளிதழ்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பத்திரிகையை 'நான்காவது எஸ்டேட்' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் அப்படிச் சொன்னதாகத் தாமஸ் கார்லைல் 19ஆம் நூற்றாண்டில் எழுதியதால் அது பரவியது. தமிழில் நாம் 'நான்காவது தூண்' என்கிறோம். மேடைப் பேச்சாளர்கள் சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் என்று மூன்று தூண்களை எண்ணிவிட்டுப் பத்திரிகையை நான்காவதாக நிறுத்துவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலச் சொல்லில் தூணும் இல்லை, அந்த மூன்றும் இல்லை. குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று தரப்புக்கு அடுத்த தரப்பு என்பதே அதன் கணக்கு.

நிலை நிலமான கதை

ஒருவரின் நிலையைக் குறித்த சொல் அவருடைய நிலத்தைக் குறிக்கத் தொடங்கியதற்கு இங்கிலாந்தின் நிலச் சட்டமே காரணம். 1066க்குப் பிறகு அந்த நாட்டின் நிலமெல்லாம் அரசருடையது என்று ஆயிற்று. மற்றவர்கள் நிலத்தை அரசரிடமிருந்து பெற்று வைத்திருப்பவர்களே. அவர்கள் கையில் இருந்தது நிலமல்ல, நிலத்தின் மேல் அவர்களுக்கு இருந்த உரிமை நிலை. அந்த உரிமை நிலைக்குத்தான் 'எஸ்டேட்' என்று பெயர். உயிரோடு இருக்கும்வரை மட்டும் அனுபவிக்கலாம் என்றால் அது ஒரு வகை எஸ்டேட். வாரிசுகளுக்கும் போகும் என்றால் வேறு வகை. இத்தனை ஆண்டுக் குத்தகை என்றால் இன்னொரு வகை. இந்தச் சிக்கலை ஒழுங்குபடுத்தி, முழு உரிமை, ஆண்டுக் குத்தகை என்ற இரண்டு எஸ்டேட்டுகளை மட்டும் சட்டப்படி நிலைக்க விட்டது 1925ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சொத்துச் சட்டம். சிங்கப்பூரில் 99 ஆண்டு, 999 ஆண்டு என்று வீட்டுக்குக் குத்தகைக் காலம் எண்ணுவதெல்லாம் இந்தப் பரம்பரையில் வந்த பழக்கம்.

'ரியல் எஸ்டேட்' என்பதில் உள்ள 'ரியல்', ஸ்பானிய மொழியில் அரசரைக் குறிக்கும் 'ரியால்' என்று ஒரு கதை உலவுகிறது. அது சரியல்ல. 'பொருள்' என்ற அர்த்தமுள்ள 'ரேஸ்' என்ற லத்தீன் சொல்லே அதன் வேர். இடத்தை விட்டு நகராத சொத்து என்பது அதன் சட்டப் பொருள். மலாய்க்காரர்கள் 'ஹர்த்தா'வையும் 'தானா'வையும் ஒட்டி 'ஹர்த்தானா' என்று அழகாக ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். தமிழில் அதற்கு ஈடாக எல்லாரும் ஏற்ற ஒரு சொல் இன்னும் அமையவில்லை.

தமிழகத்திலும் 'எஸ்டேட்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு வரலாறு உண்டு. 1908ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் வந்த எஸ்டேட் நிலச் சட்டம் பேசியது தேயிலைத் தோட்டத்தைப் பற்றியல்ல, ஜமீனைப் பற்றி. இராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன்கள் அரசாங்க ஏட்டில் 'எஸ்டேட்'. 1948ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டம் அவற்றை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஜமீன் நிலத்தில் பாடுபட்டுக் கப்பலேறிய குடும்பங்கள், ஓர் எஸ்டேட்டை விட்டு இன்னோர் எஸ்டேட்டுக்கு வந்தவை என்று சொன்னால் தவறில்லை. இரண்டிலும் நிலம் அவர்களுடையதல்ல.

கடல் கடந்த எஸ்டேட்

பெரிய நிலவுடைமை என்ற பொருளில் பிரிட்டனில் வழங்கிய சொல், காலனி நாடுகளுக்குக் கரும்பு, காப்பி, தேயிலை, ரப்பர் ஆகியவற்றோடு போனது. ஜமைக்காவில் கரும்பு எஸ்டேட், இலங்கையில் காப்பி எஸ்டேட், செபராங் பிறையில் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழர்கள் வேலை செய்த கரும்பு எஸ்டேட், பிறகு ரப்பர்.

'பிளாண்டேஷன்' என்ற மற்றோர் ஆங்கிலச் சொல்லும் இங்கே வழங்குகிறது. அது முன்பு மனிதர்களை நடுவதைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அயர்லாந்தில் ஸ்காட்லாந்துக்காரர்களையும் ஆங்கிலேயரையும் கொண்டுபோய்க் குடியேற்றியதற்கு 'அல்ஸ்டர் பிளாண்டேஷன்' என்றே பெயர். பயிரை நடுவதும் ஆளை நடுவதும் ஒரே வினையாக இருந்ததை மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்ட சஞ்சிக்கூலிகளின் சந்ததியினர் சற்று நின்று கவனிக்கலாம்.

மலாயில் 'லாடாங்' என்பது முன்பு மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து மேட்டுநெல் விதைக்கும் இடத்தைக் குறித்தது. வெள்ளைக்காரரின் ஆயிரம் ஏக்கர் ரப்பர் காட்டுக்கும் பிறகு அதே பெயர் வந்து சேர்ந்தது. தமிழர்கள் 'தோட்டம்' என்றார்கள். ஊரில் கிணற்றடியில் கத்தரியும் அவரையும் போடும் இடத்துக்கான சொல்லை, ஒரு நாள் முழுக்க நடந்தாலும் எல்லை தெரியாத நிரைகளுக்குக் கொடுத்தார்கள். அந்த ஊர்வாசனை அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்க வேண்டும். இஸ்டேட்டைச் சுற்றி ஒரு சொற்கூட்டமே வளர்ந்தது. லைன் வீடு 'லயம்' ஆயிற்று. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் 'பரேட்' 'பெரட்டு' ஆயிற்று. கங்காணி, தண்டல், மண்டோர், கிராணி, ஆயாக்கொட்டகை என்று பட்டியல் நீளும்.

இதில் முக்கியமானது, சட்டம் இந்தச் சொல்லுக்குக் கொடுத்த அளவு. 100 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 40 ஹெக்டருக்குக் குறைந்தால் அது எஸ்டேட் அல்ல, சிறுதோட்டம் என்பதே அரசாங்கப் புள்ளிவிவரக் கணக்கு. தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவும் 40 ஹெக்டருக்குக் குறையாத, தொடர்ச்சியான விவசாய நிலத்தையே 'எஸ்டேட் நிலம்' என்கிறது. அப்படிப்பட்ட நிலத்தை விற்க எஸ்டேட் நில வாரியத்தின் அனுமதி வேண்டும்.

அந்தப் பிரிவுக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை இருக்கிறது. 1950களில் பிரிட்டிஷ் முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, தரகர்கள் அவற்றை வாங்கித் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அன்றைய தமிழ் ஏடுகள் எழுதிய பிரச்சினை இதுதான். நூறு ஏக்கருக்குக் கீழே உடைந்த நிலம் எஸ்டேட் என்ற பெயரை இழந்தது. அதோடு லயமும், மருந்தகமும், ஆயாக்கொட்டகையும், சில இடங்களில் பள்ளியும் போயின. இதற்கு மறுமொழியாக 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி, சங்கம் அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. இஸ்டேட்டில் வேலை செய்தவர்கள், இங்கிலாந்துச் சட்டம் சொல்லும் பழைய பொருளிலும் ஓர் எஸ்டேட்டுக்குப் பங்குதாரர் ஆனார்கள்.

மற்றவர்களுக்கு அது வாய்க்கவில்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது, வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்திருந்தாலும், அந்த மண்ணின் மேல் சட்டம் அங்கீகரிக்கும் 'எஸ்டேட்' எதுவும் அவர்கள் பெயரில் இல்லை. தோட்டம் கைமாறி மேம்பாட்டுக்குப் போகும்போது எழும் ஒவ்வொரு குடியிருப்புப் போராட்டத்தின் அடியிலும் இந்த ஒரு சொல்லின் இரண்டு பொருள்கள் மோதுகின்றன.

தோட்டம் போய் தாமான்

இன்றைய புத்ராஜெயா இருக்கும் இடத்தில் பெராங் பெசார் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரில் சண்டையிட்டு வந்த பிரிட்டிஷ் வீரர்கள் 1921இல் தொடங்கிய தோட்டம் என்பதால் 'பெரிய போர்' என்ற பெயர். நிர்வாகத் தலைநகருக்காக 1990களில் நிலம் எடுக்கப்பட்டபோது, அங்கும் அக்கம்பக்கத் தோட்டங்களிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன.

மலாயில் 'தாமான்' என்றாலும் தோட்டம்தான், பூந்தோட்டம். ஆங்கிலத்தில் 'ஹவுசிங் எஸ்டேட்' என்பதற்கு மலேசியா தேர்ந்துகொண்ட சொல் அது. ஆக இஸ்டேட்டை விட்டு வந்தவர்கள் இன்னொரு எஸ்டேட்டில் குடியேறினார்கள், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் இன்னொரு தோட்டத்தில். மரம் மட்டும் இல்லை. தாமான்களுக்கு நடுவே இடம் மாற்றிக் கட்டிய தமிழ்ப்பள்ளிகள் பல, பெயர்ப்பலகையில் 'லாடாங்' என்ற சொல்லை இன்றும் சுமந்து நிற்கின்றன. சுற்றிலும் ஒரு ரப்பர் மரம்கூட இருக்காது.

சிங்கப்பூர் இதை வேறு மாதிரி மொழிபெயர்த்தது. அங்குள்ள தமிழ் ஊடகங்களில் 'குடியிருப்புப் பேட்டை' என்று எழுதுகிறார்கள். பேட்டை என்பது ஊருக்கு வெளியே சந்தையும் தொழிலும் கூடும் இடத்துக்கான பழைய தமிழ்ச் சொல். 1896இல் மான்செஸ்டரில் டிராஃபோர்ட் பார்க் தொடங்கியபோது உருவான தொழில் எஸ்டேட் என்ற ஏற்பாட்டுக்குத் தமிழில் 'தொழிற்பேட்டை' என்று பெயர் வந்தது. அது கிண்டி, அம்பத்தூர் முதல் ஜூரோங் வரை பொருந்திவிட்டது. நல்ல மொழிபெயர்ப்பு என்றால் இதைச் சொல்லலாம். சிங்கப்பூரிலும் ரப்பர் தோட்டங்கள் இருந்தன என்பதை இளையோர் பலர் அறியமாட்டார்கள். செம்பவாங் வட்டாரத்தில் ரப்பர் கம்பெனியாகத் தொடங்கிய புக்கிட் செம்பவாங் எஸ்டேட்ஸ் நிறுவனம் இப்போது வீடு கட்டி விற்கிறது. பெயரில் உள்ள 'எஸ்டேட்ஸ்' ஓர் எழுத்துகூட மாறாமல், ரப்பரிலிருந்து ரியலுக்குத் தாவிவிட்டது.

கடிதத்துக்குத் திரும்பினால்

இறந்தவரின் எஸ்டேட் என்பது, அவர் உயிர் பிரிந்த நேரத்தில் எந்த நிலையில் நின்றாரோ அந்த நிலையின் மொத்தக் கணக்கு. அதில் சொத்தும் உண்டு, கடனும் உண்டு. கடனை அடைத்த பிறகு மிஞ்சுவதுதான் வாரிசுகளுக்கு. மலாயில் இதை 'ஹர்த்தா புசாக்கா' என்பார்கள். முன்பு இதற்குத் தனி வரியே இருந்தது. மலேசியாவில் எஸ்டேட் வரி 1991 நவம்பர் 1ஆம் தேதி நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2008 பிப்ரவரி 15ஆம் தேதி முதல் நேர்ந்த இறப்புகளுக்கு அது இல்லை.

உயில் இருந்தால், அதில் பெயர் குறிக்கப்பட்டவர் உயர்நீதிமன்றத்தில் உறுதிச் சான்று பெற வேண்டும். உயில் இல்லாவிட்டால், நிர்வாகப் பத்திரம் பெற வேண்டும். வீடு, நிலம் உள்ள சிறிய எஸ்டேட் என்றால் நீதிமன்றத்துக்குப் போகாமல் நில அலுவலகத்தின் வழியாகவே முடிக்க 1955ஆம் ஆண்டின் சிறிய எஸ்டேட் பங்கீட்டுச் சட்டம் இடம் தருகிறது. சட்டத்தின் பெயரைப் பார்த்து, இது சின்னத் தோட்டங்களைப் பற்றியது என்று நினைத்து யாரும் ஒதுங்கிவிடக் கூடாது.

உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்தைப் பிரிப்பதற்குத் தீபகற்ப மலேசியாவிலும் சரவாக்கிலும் 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் உள்ளது. மனைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. மூத்த மகனுக்குத்தான் எல்லாம் என்பது சட்டத்தில் இல்லை. மகளுக்குத் தாலி கட்டி அனுப்பியாகிவிட்டது என்பதற்காக அவள் பங்கு குறைவதும் இல்லை. சிங்கப்பூரில் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி.

தோட்டத்துக் குடும்பங்களில் அடிக்கடி சிக்கல் வருவது திருமணப் பதிவில். 1982 மார்ச் 1ஆம் தேதிக்கு முன் கோயிலிலோ வீட்டிலோ முறைப்படி நடந்த திருமணம் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படும். அதற்குப் பின் நடந்தவற்றுக்குப் பதிவு வேண்டும். தாலி கட்டியதோடு விட்டுவிட்டு, முப்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த பெண், கணவன் இறந்த பின் அவருடைய எஸ்டேட்டில் தனக்குப் பங்கு கேட்கும்போது, தான் மனைவி என்று நிரூபிப்பதிலேயே நின்றுவிட நேரிடும்.

ஊழியர் சேமநிதிப் பணத்துக்கு முறைப்படி வாரிசு நியமித்திருந்தால், முஸ்லிம் அல்லாதவரின் அந்தப் பணம் எஸ்டேட்டுக்குள் வராமல் நேராக நியமிக்கப்பட்டவருக்குப் போகும். கல்யாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைப் போட்டுவிட்டு அப்படியே மறந்துபோனவர்கள் நிறைய. சிங்கப்பூரில் திருமணம் ஆனதுமே மத்திய சேமநிதியின் பழைய நியமனம் செல்லாமல் போகும், புதிதாக எழுத வேண்டும். உயிலில் எழுதினாலும் மத்திய சேமநிதிப் பணத்தை அது கட்டுப்படுத்தாது. சேமநிதி அலுவலகத்தில் கொடுத்த நியமனம் மட்டுமே கணக்கு.